சிறிய ஒலிப்பெட்டியும் மந்தர ஒலியும்

விரியலாக்கியைத் தன்னகத்தே கொண்ட சிறிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இன்று மாணவர் விடுதி அறை முதற் கோவில் மடம் வரை எங்கும் காணப்படுகின்றன. கணினியோடோ கைத்தொலைபேசியோடோ தொடுத்த மாத்திரத்தே அவை பாடத் தொடங்குகின்றன, விலையும் மலிவு. ஆதலின் அவற்றை வாங்குவோர் பலர். எனினும் வாங்கிச் சில நாள் கழிந்தபின் அவர்கள் கூறுங் குறை பெரும்பாலும் ஒன்றே: குரல் கேட்கிறது, வயலின் கேட்கிறது, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கேட்கவில்லை என்பது. கும்மென்று எழ வேண்டிய நாதம் தட்டென்ற வெற்றோசையாய் நின்றுவிடுகிறது.

இது சிறு குறையன்று. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வாசிப்பை நேரிற் கேளாத தலைமுறையினருக்குப் பதிவுகளே கதி; அப்பதிவுகளையும் இன்று பெரும்பாலோர் இத்தகைய சிறு பெட்டிகளின் வழியாகவே கேட்கின்றனர். தவிலின் ஒரு முகம் வலிந்து ஒலிக்க, மற்றைய முகம் இருந்ததோ இல்லையோ என்று ஐயுறும்படி கேட்பவர் அக்கலைஞரைப் பாதியளவே கேட்டவராவர். பழைய பதிவுகள் சிலவற்றில் அவ்வொலி பதிவாகும்போதே குன்றியிருத்தலும் உண்டு. அதற்கு எவராலும் மருந்தில்லை. பதிவில் இருந்தும் பெட்டியில் இழந்துபோவதை மீட்கலாம். அதற்குச் சிறு செலவும் ஒரு விடுமுறை நாளின் உழைப்பும் போதுமானவை.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 'பேஸ்' என்று பலரும் வழங்கும் மந்தர ஒலியைப் பெட்டி பிறப்பிப்பதில்லை. அதனைப் பிறப்பிப்பது கூம்பு. பிறந்த ஒலி அழியாமற் காப்பதே பெட்டியின் தொழில். மலிவான பெட்டி அத்தொழிலைச் செவ்வனே செய்வதில்லை. மெல்லிய பலகை, இறுக மூடாத மூட்டு, அளவு பாராது வைத்த குழாய் ஆகியவற்றாற் கூம்பு தந்ததில் ஒரு பங்கை அது வீணாக்கிவிடுகிறது. இவ்வீணாக்கத்தைத் தடுத்தலே நாம் செய்யத்தக்கது. கூம்பினிடத்து இல்லாத ஆற்றலைப் பெட்டியினின்றும் பெறலாமென்று எண்ணித் தொடங்குவோர் ஏமாற்றமடைவர்.

ஒலிபெருக்கிக்குப் பெட்டி எதற்கு என்று கேட்பாருக்கு விடை எளிது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பே இன்று வரை பெரிதும் மாறாது வழங்குகிறது. காந்தப் புலத்தினுள்ளே ஒரு கம்பிச்சுருள். அச்சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. கூம்பு முன்னே நகரும்பொழுது முன்புறத்து வளி நெருங்குகிறது. அதே கணத்திற் பின்புறத்து வளி ஐதாகிறது. செக்கனுக்கு 5000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர். செக்கனுக்கு 50 முறை அதிரும் ஒலிக்கோ அது ஏறக்குறைய 7 மீற்றர். விரிந்த கையளவே உள்ள ஒரு கூம்பைச் சுற்றி முன்புறத்து வளி பின்புறத்துக்கு நழுவிச் செல்ல அவ்வளவு நீண்ட அலையில் வேண்டிய நேரம் உண்டு. கிணற்றடித் தொட்டி நீரிற் கையை மெல்ல அசைத்துப் பார்த்தவர் இதனை உணர்வர். நீர் கையைச் சுற்றி ஓடிவிடுமேயன்றித் தொட்டியின் மறுகரைக்கு அலை செல்லாது. அவ்வோட்டத்தை மறிக்கும் சுவரே பெட்டி.

சுவரை எழுப்பியதும் வேறொரு விளைவு தோன்றுகிறது. முற்றாக மூடிய பெட்டியினுள் அகப்பட்ட வளி ஒரு வில்லைப் போலக் கூம்பை எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறிதாக ஆக அவ்வில் விறைப்பாகும். விறைப்புக் கூடக் கூம்பின் பரிவு அதிர்வெண் உயரும். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் தொப்பியின் நடுவே ரவைப் பசையை அப்புவதும் இதே விதியைத் தழுவியதே. அங்கே திணிவைக் கூட்டிச் சுருதியை இறக்குகிறார். இங்கே பெட்டி விறைப்பைக் கூட்டிச் சுருதியை ஏற்றிவிடுகிறது. கணக்கொன்று காட்டுவோம். வெளியில் வைத்தபோது செக்கனுக்கு 80 அதிர்வில் பரிவுறும் ஒரு கூம்பு. அதன் தொங்கலின் விறைப்பு 6 லீற்றர் வளியின் விறைப்புக்குச் சமன் என்க. அதனை 3 லீற்றர்ப் பெட்டியில் மூடினாற் பரிவு 139 ஆக உயரும். 6 லீற்றர்ப் பெட்டியாயின் 113. பரிவுக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்குந்தோறும் ஒலி 12 டெசிபெல் வீதம் குன்றிச் செல்லும். ஒரு கட்டைச் சுருதியிற் சேர்த்த ஆண் தம்பூராவின் மந்தரத் தந்தி செக்கனுக்கு 65 அதிர்வளவில் நிற்பது. சிறு பெட்டியில் அதன் அடிப்படை நாதம் என்ன பாடுபடும் என்பதை வாசகரே உய்த்துணரலாம்.

ஆயினும் அச்சிறு பெட்டியிலே தம்பூரா தம்பூராவாகவே தோன்றுகிறதே என வினவலாம். அது செவியின் பெருந்தன்மை. அடிப்படை அதிர்வு இல்லாதபோதும் 130, 195, 260 என்னும் மேற்சுரங்களைக் கேட்டு, அவற்றுக்குரிய அடி இன்னதென மூளை ஊகித்துக் கொள்கிறது. சுருதி விளங்கும், நெஞ்சில் வந்து தட்டும் கனம் விளங்காது.

மூடிய பெட்டியினும் வேறான வகை, குழாய் வைத்த பெட்டி. பெல் ஆய்வுகூடத்துத் துறாஸ் என்பவர் 1932 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் ஊவென்று ஒரே சுருதி எழுமன்றோ. கழுத்திலுள்ள வளி திணிவாகவும் வயிற்றிலுள்ள வளி வில்லாகவும் அமைந்து பரிவுறுதலே அதன் காரணம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ற்ஸ் இதனை ஆராய்ந்தமையால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. கடம் வாசிப்போர் அதன் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் ஒலியை மாற்றுவதும் இவ்வினமே. ஒலிப்பெட்டியில் இப்பரிவைக் கூம்பின் வலி குன்றும் இடத்தில் அமைத்துவிட்டாற் கூம்பின் பின்புற அலை குழாய்வழி வெளிவந்து முன்புற அலைக்குத் துணையாகும். எவ்விடத்தில் அமைப்பது என்பதற்கு அவுஸ்திரேலியரான தீல் 1961 இலும், அவரைத் தொடர்ந்து சிட்னியில் ஆராய்ந்த ஸ்மோல் 1970களின் தொடக்கத்திலும் வகுத்த கணித முறைகளே இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றன.

இனிச் செய்முறைக்கு வருவோம். பெட்டியைத் திறக்குமுன் செய்யத்தக்கவை இரண்டு. இவற்றுக்குச் செலவே இல்லை. சோடியாக வரும் பெட்டிகளில் ஒன்றினுள் விரியலாக்கி இருக்க, மற்றையது இரட்டை வயரால் அதனோடு தொடுக்கப்படும். அவ்வயரின் முனைகள் இடம் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னேறும்பொழுது மற்றையது பின்வாங்கும். மந்தர ஒலி நடுவழியிலே தம்முள் மோதி அழிந்துவிடும். இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து, ஒன்றின் வயர் முனைகளை மாற்றிக் கேட்டுப் பார்க்க. எந்நிலையிற் கனம் கூடுதலோ அந்நிலையே சரியானது. இரண்டாவது, வைக்கும் இடம். அறையின் நடுவே நிற்கும் பெட்டியைச் சுவரோரம் நகர்த்தினாற் சுவரில் தெறித்த நீண்ட அலைகளும் கூடி ஒலியமுக்கம் இரட்டிப்பை அணுகும். அதாவது 6 டெசிபெல் வரை ஏற்றம். மூலையில் வைத்தால் மேலும் ஏறும். ஆயின் குமுறலும் தொடங்கும். குழாய் பின்புறத்தில் உள்ளதாயின் சுவருக்கும் பெட்டிக்குமிடையே ஒரு சாணாவது விட்டு வைத்தல் வேண்டும். பலருடைய குறை இவ்விரண்டோடே தீர்ந்துவிடக் கண்டிருக்கிறோம்.

அதன்மேலும் வேண்டுவோர் பெட்டியைத் திறக்கலாம். இங்கே எச்சரிக்கை ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். இவை வெறும் பெட்டிகளல்ல. 230 வோற்று மின்சாரம் உள்ளே வருவன. சுவரிலுள்ள செருகியைக் கழற்றி, ஆளியை அணைத்ததோடு அமையாது, கொள்ளளவிகளில் தங்கிய மின்னேற்றம் வடியச் சில நிமிடம் பொறுத்தே திருகாணிகளைத் தொடுதல் வேண்டும். மின் சுற்றுப் பலகையில் எதனையும் தொடத் தேவையில்லை. மாணவராயின் அறிந்த பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்க. உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியைத் திறத்தல் அறிவுடைமையன்று. காந்தம் திருகாணிச் செலுத்தியைப் பற்றியிழுத்துக் கூம்பைக் கிழித்துவிடும் தீங்கும் உண்டு. ஆதலின் கூம்பைக் கழற்றியவுடன் முகம் மேல்நோக்க, வேலை நடக்கும் இடத்துக்கு அப்பால் வைக்க. மரத்தூளும் இரும்புத்துகளும் அதன் அருகே வரலாகாது.

உள்ளே முதலில் நோக்க வேண்டியது கசிவு. கைத்தொலைபேசியிலே செக்கனுக்கு 50 அல்லது 60 அதிர்வுள்ள தனிச்சுரம் ஒன்றை எழுப்பும் செயலி எளிதிற் கிடைக்கும். பெட்டியை மூடிய நிலையில் அச்சுரத்தை மிதமாக ஒலிக்கவிட்டு, எரியும் ஊதுபத்தியை மூட்டுகள்தோறும் மெல்ல நகர்த்துக. புகை எங்கே படபடக்கிறதோ அங்கே வளி வெளியேறுகிறது. கூம்பின் விளிம்பு, விரியலாக்கித் தகட்டின் ஓரம், வயர் புகும் துளை, ஒலியளவுக் குமிழின் தண்டு ஆகியனவே வழக்கமான குற்றவாளிகள். குழாய்ப் பெட்டியிற் கசிவு இருப்பின் குழாயின் பரிவு வலுவிழக்கும். மந்தர ஒலியில் நேரும் இழப்பிற் பெரும்பங்கு பெரும்பாலும் இதுவே. கூம்பின் விளிம்புக்கும் தகட்டுக்கும் மெல்லிய ஸ்பொஞ் நாடா, வயர்த் துளைகளுக்குப் பிள்ளைகள் உருவம் பிடிக்கும் பிளாஸ்ரிசின் களி, பலகை மூட்டுகளுக்கு மரப்பசை: இவ்வளவும் போதும். சிலிக்கோன் பூசுவோர் வினாகிரி மணம் வீசும் வகையை விலக்குக; அதிலெழும் அமிலம் செப்புக் கம்பியை அரிக்கும். எது பூசினும் நன்கு காய்ந்தபின்னரே பெட்டியை மூடுதல் வேண்டும்.

அடுத்தது பலகையின் நடுக்கம். விரல் முட்டியாற் பெட்டியின் பக்கங்களைத் தட்டிப் பார்க்க. பறைபோல ஒலித்தால் அப்பலகை கூம்போடு சேர்ந்து தானும் பாடுகிறதென்று பொருள். பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றும். 6 மில்லிமீற்றர்ப் பலகை 12 மில்லிமீற்றர் ஆயின் விறைப்பு 8 மடங்கு. பெட்டியை மாற்றாது அப்பயனிற் பெரும்பகுதியைப் பெறும் வழி, எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே ஒரு மரச்சட்டத்தை இறுகப் பொருத்தி மரப்பசையால் ஒட்டுதல். சட்டத்தைச் சரிநடுவில் வையாது சற்றே விலக்கி வைப்பது நன்று. இரு பாதிகளும் ஒரே சுரத்தில் நடுங்காதிருக்கும் பொருட்டு. விரல் தடிப்புள்ள சட்டம் போதும். உத்தரம்போற் பெரிய மரத்தைப் புகுத்தினால் உள்ளிருக்கும் சிறிது கனவளவும் குறைந்துவிடும். இத்திருத்தத்தால் மந்தர ஒலி மிகுவதிலும் பார்க்கத் தெளிவதே அதிகம். ஆண் குரலில் இருந்த ஒரு வகைக் குடத்தொனி நீங்கிவிடும்.

பஞ்சடைத்தல் பற்றிப் பல கட்டுக்கதைகள் வழங்குகின்றன. மூடிய பெட்டியினுள் தளர்வாகப் பஞ்சு நிரப்பினால், அமுக்கப்படும்பொழுது வளியில் எழும் வெப்பத்தைப் பஞ்சு வாங்கிக்கொள்வதால் அவ்வளி மேலும் இளகிய வில்லாகிறது. உயர்தர வகுப்பில் வெப்பவியல் கற்றோர் வளிக்குரிய 1.4 என்னும் எண்ணை அறிவர். பெட்டி பெரிதானதுபோற் காட்டும் இப்பயனின் மேல் எல்லையும் அந்த 1.4 மடங்கே. நடைமுறையில் அதிற் பாதியளவு கிட்டினாற் போதுமென மகிழலாம். திணித்து அடைத்தால் பயன் தலைகீழாகும். குழாய்ப் பெட்டியிலோ பக்கச் சுவர்களில் மட்டும் மெல்லிதாக ஒட்டுதல் வேண்டும். குழாயின் உள்வாயை அடைத்தல் ஆகாது. எமது ஊர் இலவம்பஞ்சு இதற்கு ஏற்றதேயெனினும் நெருப்பை எளிதிற் பற்றுவது. வெப்பம் உமிழும் விரியலாக்கி அதே அறையில் இருக்கும் பெட்டிக்கு அதனை நாம் பரிந்துரையோம். தலையணைக்குரிய பொலியெஸ்ரர்ப் பஞ்சும் வெப்பத் தகட்டுக்கு எட்டவே நிற்றல் வேண்டும்.

இனிக் குழாய். பெரும்பாலோர் கைவைக்க விரும்புவதும் கெடுப்பதும் இதனையே. மலிவான பெட்டிகளிற் குழாய் பெரும்பாலும் குட்டையானது. அதனால் அதன் பரிவு உயர்ந்து நின்று, ஒரே சுரத்தை மட்டும் வீங்கச் செய்கிறது. கடையிற் கேட்கும்போது அது 'நல்ல பேஸ்' என்று தோன்றும். எந்தப் பாட்டுக்கும் அதே 'பும்' வருவதை வீட்டில் உணர்வோம். 5 லீற்றர்ப் பெட்டியில் 3 சென்ரிமீற்றர் விட்டமும் 5 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள குழாய் செக்கனுக்கு 77 அதிர்வளவிற் பரிவுறும். நீளத்தை 10 ஆக்கினால் அது 59 ஆகும். 20 ஆக்கினால் 44. நீளம் நான்கு மடங்கானபோதும் அதிர்வெண் சரிபாதியாகவில்லை. குழாயின் இரு வாய்களிலும் சிறிது வெளிவளியும் உடன் அசைவதே அதற்குக் காரணம். பள்ளியிற் பரிவுக் குழாய்ப் பரிசோதனை செய்தோர் முனைத் திருத்தம் என்னும் பெயரை மறந்திரார். இரும்புக்கடையில் விற்கும் பி.வி.சி. குழாய்த் துண்டு இதற்கு உதவும். முதலிற் கடதாசி மட்டையைச் சுருட்டிச் செருகி, நீளம் பார்த்துக் கேட்டபின் வெட்டுவது சிக்கனம். குழாயின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் இடையே குழாயின் விட்டமளவாவது வெளி இருத்தல் வேண்டும்.

77 ஐ 59 க்கு இறக்குதல் பொதுவாகத் தக்கதே. வீக்கம் அடங்கித் தொப்பியின் குமுக்கும் தம்பூராவின் மந்தரமும் வெவ்வேறாகக் கேட்கும். முதல் நாளில் ஒலி குறைந்ததோ என்று தோன்றும். ஒரு வாரம் பழகியபின் பழைய நிலைக்கு எவரும் திரும்ப விரும்பார் என்பது எமது எண்ணம். 44 க்கு இறக்குதல் வேறு. சிறு கூம்பால் அவ்விடத்தில் ஒன்றும் தர இயலாது. குழாய்க்குத் துணையாக்க ஒலியே இராது. அன்றியும் குழாயின் பரிவுக்குக் கீழே வளிவில் கூம்பைத் தாங்குவதில்லை. ஒலி 24 டெசிபெல் வீதம் சரியக் கூம்போ கட்டற்று ஆடும். ஒரே ஒலியளவோடு ஒரு ஸ்தாயி கீழே செல்லக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. சில மில்லிமீற்றரே அசையவல்ல சிறு கூம்பு அதற்கு மேற்பட்டால் டக்டக்கென்று தட்டும். அவ்வோசை கேட்டவுடன் குமிழைக் குறைத்தல் வேண்டும்.

பெட்டியின் முகப்பில் ஆயிரக்கணக்கான வாற்று என்று பொறித்திருப்பதை நம்பி மந்தரக் குமிழை முற்றாகத் திருப்புவோர் உளர். 'பி.எம்.பி.ஓ.' என்று அடைமொழியிட்ட அவ்வெண்ணுக்கு வரையறுத்த அளவுமுறை எதுவுமில்லை. விற்பவரின் கற்பனையே அதற்கு அளவுகோல். உள்ளிருக்கும் மின்மாற்றி உள்ளங்கையளவாயின் கிடைக்கும் வலுவும் அதற்குத் தக்கதே. 10 டெசிபெல் ஏற்றுவதற்கு 10 மடங்கு வலு வேண்டும். குமிழ் திரும்பும், வலு எங்கிருந்து வரும்?

தச்சுவேலை பழகியோர் கூம்பையும் விரியலாக்கியையும் 12 மில்லிமீற்றர் எம்.டி.எப். பலகையாற் செய்த பெரிய பெட்டிக்கே மாற்றிவிடலாம். முன்னர்க் காட்டிய கணக்கில் 3 லீற்றர் 6 ஆனபோது பரிவு 139 இலிருந்து 113 க்கு இறங்கியதைக் கண்டோம். செய்த உழைப்புக்கு அதுவே பெரிய ஊதியம். ஆனாற் பெட்டியைப் பத்து மடங்கு பெருப்பித்தாலும் கூம்பின் சொந்தப் பரிவாகிய 80 க்குக் கீழே அது இறங்காது. சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், குறைந்த வலுவில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற இயற்கை இடங்கொடுப்பதில்லை. இரண்டைத் தெரிந்துகொண்டு மூன்றாவதை விடவேண்டியதே. அமெரிக்கரான வில்ச்சர் 1954 இற் சிறு மூடிய பெட்டியிலிருந்து வியக்கத்தக்க மந்தரத்தை எழுப்பிக் காட்டினார். அவரும் அதற்கு விலையாகக் கொடுத்தது ஒலித்திறனையே.

திருத்திய பெட்டியை மூடி மின்சாரம் கொடுத்தவுடன், பாட்டுக்கு முன்னரே மெல்லிய 'ம்ம்' என்னும் முரல்வு கேட்குமாயின் அஞ்சற்க. எமது மின்விநியோகம் செக்கனுக்கு 50 சுற்று உடையது. சீராக்கியைக் கடந்தபின் 100 ஆகத் தோன்றும். அது முன்னரும் இருந்தது. பழைய பெட்டி அதனைக் கேட்பிக்கும் தகுதியற்றிருந்தது. கணினியிலிருந்து வரும் வயரைக் கழற்றிப் பார்க்க. முரல்வு நின்றால் குறை கணினியின் இணைப்பிலுள்ளது. கணினியையும் ஒலிப்பெட்டியையும் ஒரே சுவர்ச் செருகியிலிருந்து எடுத்தாற் பெரும்பாலும் அடங்கும். கழற்றியபின்னும் பலமாகத் தொடர்ந்தால் உள்ளிருக்கும் கொள்ளளவி முதுமையடைந்திருத்தல் கூடும். அதனை மாற்றும் வேலை மின்னணுச் சாதனம் திருத்துபவருடையது.